மேலே குளிர்ந்தால் காற்று, கீழே குளிர்ந்தால் கசடு

ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளி வைத்த கையோடு, பிரித்தானியாவில் வாழும் எம்மவர் வீடுகளில் நடைபெறும் அடுத்த காரியம், கோடை முழுவதும் உறங்கிக் கிடந்த சென்றல் ஹீற்றிங்கை முடுக்கிவிடுவதாகும். பொயிலர் உறுமுகிறது, குழாய்கள் முனகுகின்றன, எனினும் எல்லா அறைகளும் ஒருபோலச் சூடேறுவதில்லை. கீழ்மாடியில் வியர்க்கிறது, மேல்மாடியில் பிள்ளைகள் படுக்கும் அறை குளிர்ந்து கிடக்கிறது. இது எம்மிற் பலருக்குப் பழகிப்போன காட்சி. பழகிப்போனமையாலேயே, இது திருத்தக்கூடிய ஒரு பழுது என்ற எண்ணம் எமக்கு எழுவதில்லை.

கிழக்கு லண்டனில் நாம் முதன்முதலாகக் குடியமர்ந்த வாடகை வீட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. மேல்மாடிப் பின்னறையில் கைக்குழந்தை படுத்திருந்தது. அந்த அறையின் றேடியேற்றரைத் தொட்டால் கல்லைத் தொட்டது போலிருக்கும். இரவு முழுவதும் ஒரு சிறிய மின் சூடாக்கியை அங்கு இயக்கினோம். இரண்டு கிலோவாற் சூடாக்கி மணித்தியாலத்திற்கு இரண்டு அலகு மின்சாரத்தை விழுங்கும் என்பதை, முன்பணம் செலுத்தும் மீற்றர் எமக்கு வாரந்தோறும் கற்பித்தது. சன்னல் ஓரச் சுவரிற் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் படர்ந்தது. குழந்தைக்கு இருமல் விட்டபாடில்லை.

வீட்டுக்காரரிடம் முறையிட நாம் தயங்கினோம். எமது தஞ்சக் கோரிக்கை முடிவின்றிக் கிடந்த காலம் அது. முறைப்பாடு என்ற சொல்லே எம்மை அச்சுறுத்தியது. இரண்டு குளிர்காலங்களை இவ்வாறு கழித்த பின்னர், ஒரு நாள் விருந்தினராக வந்த உறவினர் ஒருவர் றேடியேற்றரின் மேலும் கீழும் கையை வைத்துப் பார்த்தார். கடையிற் சில்லறைக் காசுக்கு ஒரு சிறிய திறப்பை வாங்கிவரச் செய்தார். ஐந்து நிமிடத்தில் அந்த அறை சூடேறத் தொடங்கியது. எமக்கு மகிழ்ச்சியை விட வெட்கமே மேலோங்கியது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. இரண்டு வாரத்தில் அதே றேடியேற்றர் மீண்டும் குளிர்ந்தது. அந்த இரண்டாவது குளிர்ச்சியிலேதான் உண்மையான பாடம் இருந்தது. அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் சுற்றும் வழி

சென்றல் ஹீற்றிங் என்பது அடிப்படையில் மிக எளிமையான ஏற்பாடு. பொயிலர் நீரைச் சூடாக்குகிறது. ஒரு பம்ப் அந்நீரைக் குழாய்களின் வழியே ஒவ்வொரு றேடியேற்றருக்கும் தள்ளுகிறது. றேடியேற்றர் தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, ஆறிய நீரைப் பொயிலருக்குத் திருப்பி அனுப்புகிறது. குழாயில் நாம் திறந்து பாவிக்கும் நீர் வேறு. இந்த நீர் வேறு. இது வீட்டின் குருதியோட்டம் போன்று அடைபட்ட வளையத்தில் மீண்டும் மீண்டும் சுற்றிக்கொண்டிருப்பது. சமையலறைக் குழாயிற் சுடுநீர் நன்றாக வரும்போதே றேடியேற்றர்கள் குளிர்ந்து கிடக்கக்கூடியமைக்கு இதுவே காரணம்.

இந்த ஓட்டத்தைத் தடுப்பவை இரண்டு. ஒன்று காற்று, மற்றையது கசடு. ஊரிலே தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரம் வைத்திருந்த எவருக்கும் முதலாவதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. உறிஞ்சு குழாயிற் சிறு வெடிப்பு இருந்து காற்றுப் புகுந்துவிட்டால், இயந்திரம் ஓடும், புகை வரும், நீர் மட்டும் வராது. கிணற்றை வற்ற இறைத்துச் சேறு வாரிய எவருக்கும் இரண்டாவதைப் பற்றியும் விளக்கத் தேவையில்லை. லண்டன் வீட்டுச் சுவரில் வெள்ளைப் பூச்சுடன் தொங்குவதால் றேடியேற்றர் எமக்கு அந்நியமாகத் தோன்றுகிறதேயன்றி, அதன் நோய்கள் எமக்கு அந்நியமானவையல்ல.

கைதான் முதற் கருவி

ஹீற்றிங்கை அரை மணித்தியாலம் ஓடவிட்டபின், வீட்டிலுள்ள ஒவ்வொரு றேடியேற்றரையும் கையாற் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சூடு மிகையாக இருக்கக்கூடுமாதலால் புறங்கையை அருகிற் பிடித்தே உணரலாம்.

மேற்பகுதி குளிர்ந்தும் கீழ்ப்பகுதி சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைபட்டுள்ளது. காற்று நீரைவிட இலேசானதாகையால் மேலே தங்கி, அவ்விடத்துக்கு நீர் ஏறவொட்டாமற் தடுக்கிறது. மேல்மாடி றேடியேற்றர்களில் இது கூடுதலாக நிகழ்வதும் அதனாலேயே.

மேற்பகுதியும் இரு ஓரங்களும் சூடாக இருந்து, கீழே நடுப்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே கசடு படிந்துள்ளது. இதற்குக் காற்றை வெளியேற்றுவதாற் பயனில்லை.

முழு றேடியேற்றருமே குளிர்ந்திருந்தால், முதலிற் பார்க்கவேண்டியது அதன் ஓரத்திலுள்ள வால்வையே. எண்கள் பொறித்த தலையுடைய வெப்பக் கட்டுப்பாட்டு வால்வுகளில், உள்ளேயுள்ள சிறிய ஊசி கோடை முழுவதும் அசையாதிருந்து இறுகிப்போவதுண்டு. தலையைக் கழற்றி, ஊசியை மெதுவாக அழுத்தி விட்டால் அநேகமாக அது விடுபட்டு மேலெழும். அதனைக் குறடு கொண்டு வெளியே இழுக்கலாகாது.

காற்றை வெளியேற்றும் முறை

இவ்வேலைக்கு வேண்டியவை ஒரு றேடியேற்றர் திறப்பு, ஒரு சிறு கிண்ணம், ஒரு பழைய துவாய் ஆகியவை மட்டுமே. துவாய் பழையதாக இருக்கவேண்டும் என்பதை அழுத்திக் கூறுகிறோம். உள்ளிருந்து வரும் நீர் சிலவேளை மையைப் போன்று கறுத்திருக்கும். காபெற்றில் விழுந்த கறையைப் போக்குவது எளிதன்று. வீட்டுக்காரரின் முற்பணத்தில் அதற்கும் கழிவு விழும்.

முதலில் ஹீற்றிங்கை முற்றாக நிறுத்தி, றேடியேற்றர்கள் ஆறும்வரை காத்திருங்கள். சூடான நீர் பீறிட்டுக் கையைச் சுட்டுவிடக்கூடும் என்பது ஒரு காரணம். பம்ப் ஓடும்போது திறந்தாற் காற்று மேலும் உள்ளே இழுபடலாம் என்பது இன்னொன்று. கீழ்மாடியில் தொடங்கி மேல்மாடியில் முடிப்பது வழக்கம்.

றேடியேற்றரின் மேல் ஓரம் ஒன்றில், சதுரத் தலையுடன் கூடிய சிறு திருகாணியைக் காண்பீர்கள். கிண்ணத்தைக் கீழே பிடித்து, துவாயாற் சுற்றிக்கொண்டு, திறப்பை மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த் திசையில் கால்வாசிச் சுற்று மட்டும் திருப்புங்கள். ‘இஸ்’ என்ற ஓசையுடன் காற்று வெளிவரும். ஓசை நின்று, நீர் துளித்துளியாக அன்றித் தொடர்ச்சியாக வரத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். திருகாணியை முற்றாகக் கழற்றிவிட வேண்டாம்; பின்னர் நீர் பாயும் வேகத்தில் அதைத் திரும்பப் பூட்டுவது பெரும் பாடாகிவிடும். வெளிவரும் வாயுவின் அருகே தீக்குச்சியோ மெழுகுதிரியோ பிடிக்கவும் வேண்டாம். அதன் காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

காற்று வெளியேறிய இடத்துக்கு நீர் வந்தாகவேண்டும். புதிய வகைப் பொயிலர்களின் முகப்பில் ஓர் அழுத்தமானி உண்டு. ஆறிய நிலையில் அதன் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்கவேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால், பொயிலரின் அடியிலுள்ள நிரப்புக் குழாயின் வால்வைச் சிறிது திறந்து, முள் உரிய இடத்துக்கு வந்ததும் இறுக மூடவேண்டும். பழைய வகை வீடுகளில் அழுத்தமானி இராது. அங்கே கூரையடியிலுள்ள ஒரு சிறு தொட்டி தானாகவே நீரை நிரப்பும். அத்தொட்டியின் மிதவை இறுகித் தொட்டி வற்றிப்போயிருந்தால், எத்தனை முறை திறந்துவிட்டாலும் காற்றுப் போகாது.

அடுக்குமாடிகளிற் கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஹீற்றிங் இருந்தால், பராமரிப்பாளருக்கு அறிவிக்காமல் இதனைச் செய்யலாகாது. ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் இத்தகைய ஏற்பாடே பெருவழக்கு. பல வீடுகளில் ஒரே நாளிற் திறந்துவிட்டால், முழுக் கட்டடத்தினதும் அழுத்தம் வீழ்ந்து, மேல்மாடிக்காரர் குளிரில் வாடுவர்.

காற்று மீண்டும் மீண்டும் வந்தால்

ஆண்டுக்கு ஒரு தடவை, குளிர்காலத் தொடக்கத்தில் இவ்வாறு செய்வது இயல்பானது. நீரிற் கரைந்துள்ள காற்று, சூடேறும்போது குமிழியாகப் பிரிந்து மேலே சேர்வதே அதற்குக் காரணம். ஆனால் இரண்டு வாரத்திற்கொருமுறை திறப்பைத் தேடவேண்டியிருந்தால், அது வேறொரு நோயின் அறிகுறி.

எமது வீட்டில் நடந்தது இதுவே. பொயிலரின் அழுத்தம் அடிக்கடி குறைந்தது. ஒருவாறு துணிந்து வீட்டுக்காரரிடம் கூறியபோது, “குறைந்தால் நிரப்புங்கள்” என்பதே பதிலாகக் கிடைத்தது. நாமும் வாரந்தோறும் நிரப்பினோம். நிரப்புவதே பராமரிப்பு என்று எண்ணினோம். உண்மையிலே நாம் வாரந்தோறும் அத்தொகுதிக்கு நஞ்சூட்டிக்கொண்டிருந்தோம்.

இதனைச் சற்று விளக்கவேண்டும். றேடியேற்றர்கள் உருக்குத் தகட்டினால் ஆனவை. குழாய்கள் பெரும்பாலும் செம்பு. அடைபட்ட வளையத்திலுள்ள பழைய நீரில் ஒட்சிசன் விரைவிலே தீர்ந்துவிடும். அதன்பின் துருப்பிடித்தலும் வெகுவாகக் குறைந்துவிடும். புதிய நீர் புகும் ஒவ்வொரு முறையும் புதிய ஒட்சிசனும் கூடவே புகுகிறது. இரும்பு மீண்டும் அரிக்கப்படுகிறது. அந்த அரிப்பிலிருந்து பிறப்பவை இரண்டு. ஒன்று மக்னரைற் எனப்படும் கரிய இரும்பு ஒட்சைட்டுத் தூள். மற்றையது ஐதரசன் வாயு. றேடியேற்றரின் மேலே சேர்ந்து குளிர வைத்தது வெறும் காற்றன்று, ஐதரசனும் கலந்தது. தீப்பற்றக்கூடிய வாயு அது. தீக்குச்சியை அருகே கொண்டுசெல்ல வேண்டாமெனக் கூறியது இதனாற்றான். கீழே சேறாகப் படிந்ததோ மக்னரைற். ஆகவே மேலே குளிர்வதும் கீழே குளிர்வதும் இரு வேறு நோய்கள் போலத் தோன்றினும், பல வீடுகளில் அவை ஒரே நோயின் இரு முகங்களாகும்.

லண்டனிலும் தென்கிழக்கு இங்கிலாந்திலும் இன்னுமொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. இங்குள்ள நீர் சுண்ணாம்பு செறிந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெண்படிவு கட்டியதை நாம் மறந்துவிடவில்லை. இங்கும் அதே கதைதான். புதிதாக நிரப்பும் நீரோடு வரும் சுண்ணாம்பு, மிகச் சூடான இடமாகிய பொயிலரின் உட்பாகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பொயிலர் கேத்தல் கொதிப்பது போல ஓசையிட்டால், இப்படிவே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

நீர் எங்கே போகிறது?

அழுத்தம் அடிக்கடி குறைந்தால் கேட்கவேண்டிய கேள்வி, “எவ்வளவு நிரப்புவது?” என்பதன்று, “போன நீர் எங்கே?” என்பதே. குழாய் மூட்டுக்களிற் பச்சை நிறப் படிவு, கூரையில் ஈரக்கறை, வால்வின் அடியில் ஒரு சொட்டு நீர் ஆகியவற்றைத் தேடுங்கள். வெளிச்சுவரில், பொயிலருக்கு நேர் பின்னே, வளைந்த சிறு செம்புக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது பாதுகாப்பு வால்வின் வெளியேற்று குழாய். அழுத்தம் 3 பாரை எட்டினால் வால்வு திறந்து நீரை அவ்வழியே கொட்டிவிடும்.

எமது வீட்டில் அக்குழாயின் கீழே சுவர் எப்போதும் நனைந்தே இருந்தது. மழை என்று எண்ணியிருந்தோம். சூடேறும் நீர் விரிவடைய இடமளிக்கும் பாத்திரம் ஒன்று பொயிலரினுள் உண்டு. அதன் காற்றழுத்தம் தீர்ந்துபோயிருந்ததால், நீர் விரிய இடமின்றி, அழுத்தம் ஏறி, ஒவ்வொரு முறை சூடேறும்போதும் நீர் வெளியே கொட்டியது. ஆறியதும் முள் கீழே இறங்கியது. நாம் நிரப்பினோம். அது கொட்டியது. இரண்டு குளிர்காலங்களாக இந்த விளையாட்டே நடந்துகொண்டிருந்தது.

கறுப்புச் சேற்றை அகற்றுதல்

சேறு உள்ளதா என அறிய இலகுவான வழி ஒன்றுண்டு. காற்றைத் திறந்துவிடும்போது வரும் நீரில் சிறிதளவை வெள்ளைக் கோப்பையிற் பிடியுங்கள். தெளிவாகவோ சற்று மங்கலாகவோ இருந்தாற் பயப்படவேண்டாம். செங்கபிலமாக இருந்தாற் புதிய காற்று எங்கிருந்தோ புகுந்துகொண்டிருக்கிறது. கறுப்பாக இருந்தாற் கோப்பையின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். தூள்கள் காந்தத்தை நோக்கி ஓடிவந்து ஒட்டினால் அது மக்னரைற்.

சேற்றை அகற்றப் பல வழிகள் உள்ளன. ஓரிரு றேடியேற்றர்களில் மட்டும் படிந்திருந்தால், இருபுற வால்வுகளையும் மூடிக் கழற்றி, வெளியே கொண்டுசென்று தோட்டக் குழாயாற் கழுவலாம். எமது பின்னறை றேடியேற்றரை அவ்வாறு கழுவியபோது, முற்றத்தில் ஓடியது நீரன்று, குழம்பாகக் கரைந்த கரி என்றே சொல்லலாம். கசடு நிரம்பிய றேடியேற்றர் எதிர்பார்த்ததைவிடக் கனமானது. தனியொருவர் தூக்க முற்படலாகாது.

வீடு முழுவதும் பரவியிருந்தால், துப்புரவு இரசாயனம் ஒன்றைக் கலந்து சில நாள் ஓடவிட்டு, பின்னர் விசைப் பம்பினால் முழுத் தொகுதியையும் அலசி எடுப்பர். அதன்பின் செய்யவேண்டிய இரு காரியங்கள் தவறினால், செலவழித்த பணம் வீணே. அரிப்பைத் தடுக்கும் திரவத்தைப் புதிய நீருடன் சேர்க்கவேண்டும்; பொயிலருக்குத் திரும்பும் குழாயிற் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்தவேண்டும். வடிகட்டியை ஆண்டுதோறும் திறந்து துடைக்கவேண்டும். 2019ஆம் ஆண்டின் பிரித்தானியத் தரநிர்ணயமான பி.எஸ். 7593, ஆண்டுதோறும் நீரைச் சோதிக்கவும், ஐந்தாண்டுக்கொருமுறை தடுப்புத் திரவத்தை மீளச் சேர்க்கவும் அல்லது நீரை முழுமையாகப் பரிசோதிக்கவும் பரிந்துரைக்கிறது. எல்லாவற்றிற்கும் முன்னதாகக் கசிவை அடைக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எது எமது வேலை, எது அவர்களது வேலை

திறப்பால் காற்றை வெளியேற்றுவதும், அழுத்தத்தைப் பார்ப்பதும் குடியிருப்பவரே செய்யக்கூடியவை. பொயிலரின் மூடியைக் கழற்றுவதும், வாயுவுடன் தொடர்புடைய எதனையும் தொடுவதும் காஸ் சேவ் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்க்கு மட்டுமே உரியவை. தெரிந்தவர், மலிவாகச் செய்பவர் என்ற காரணத்திற்காகப் பதிவில்லாதவரை அழைப்பது உயிரோடு விளையாடுவதாகும். காபனோரொட்சைட்டுக்கு மணமோ நிறமோ கிடையாது. அதனை உணர்த்தும் கருவியை, வாயுப் பொயிலர் உள்ள அறையில் வாடகைக்கு விடுவோர் பொருத்தவேண்டுமென இங்கிலாந்திற் 2022 ஒக்ரோபர் முதல் சட்டம் கட்டளையிடுகிறது.

இனி, நாம் இரண்டு குளிர்காலங்களாக அறியாதிருந்த மற்றொன்றைக் கூறவேண்டும். இங்கிலாந்தில் வழமையான குறுங்கால வாடகைக் குடியிருப்பில், அறைகளைச் சூடேற்றும் ஏற்பாட்டையும் சுடுநீர் ஏற்பாட்டையும் பழுதின்றி இயங்கும் நிலையில் வைத்திருப்பது வீட்டுரிமையாளரின் கடமை. 1985ஆம் ஆண்டின் உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவு அவ்வாறு விதிக்கிறது. கசிவும் கசடும் அக்கடமையின் கீழேயே வருகின்றன. “நிரப்புங்கள்” என்பது அதற்குப் பதிலாகாது. வாய்மொழியாகக் கூறாமல் எழுத்தில் அறிவியுங்கள். திகதியிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தமானியையும் நனைந்த சுவரையும் படமெடுத்து வையுங்கள். பதிலில்லையேல், உள்ளூர்க் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதியினரிடம் முறையிடலாம்.

உள்துறை அமைச்சு அளித்த தங்குமிடங்களில் வாழும் தஞ்சக் கோரிக்கையாளர்கள், அதற்கென உள்ள தொலைபேசி உதவிச் சேவையிற் பழுதைப் பதிவு செய்து, பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். வீட்டின் குளிரைப் பற்றி முறையிடுவதாற் தஞ்சக் கோரிக்கைக்குப் பாதகம் ஏற்படும் என்பது தவறான எண்ணம்.

மௌனம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2020 டிசெம்பரில் ரொச்டேல் நகரில் இரண்டு வயதுக் குழந்தை அவாப் இசாக் இறந்தது. வீட்டிற் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நெடுநாட் சுவாசித்ததே காரணமென 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. மீண்டும் மீண்டும் முறையிட்டிருந்தனர். அவர்களது வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் என்று எண்ணியவர்கள் செவிமடுக்கவில்லை. அக்குழந்தையின் பெயராலேயே, இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கான அவாப் சட்டம் 2025 ஒக்ரோபர் 27இல் நடைமுறைக்கு வந்தது. அவசர ஆபத்துக்களை 24 மணித்தியாலத்துள் கவனிக்கவும், கடுமையான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலைநாட்களுள் ஆராயவும் அது கட்டளையிடுகிறது. அங்கே நிகழ்ந்ததற்கு றேடியேற்றர் காரணமன்று. போதிய காற்றோட்டம் இன்மையே பெருங் காரணம். ஆயினும் குளிர்ந்த சுவரிலேதான் எமது மூச்சும் சமையல் ஆவியும் நீராகப் படிகின்றன. படிந்த ஈரத்திலேதான் பூஞ்சணம் பிறக்கிறது. “உங்கள் சமையலாற்தான்” என்ற பதிலை எம்மவரும் கேட்டிருக்கிறார்கள். சூடேறாத றேடியேற்றரைக் காட்டிப் பதில் கூற எமக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

எமது வீட்டில் விரிவுப் பாத்திரம் திருத்தப்பட்டு, சேறு கழுவப்பட்ட பின்னர், அடுத்த குளிர்காலம் முழுவதும் அந்தத் திறப்பை நாம் ஒருமுறைதான் எடுத்தோம். மின் சூடாக்கி அலுமாரியின் மேல் ஏறியது. சுவரைத் துடைத்து வெள்ளை பூசினோம். குழந்தையின் இருமலும் தணிந்தது.

இவ்வாரமே உங்கள் வீட்டு றேடியேற்றர்களை ஒருமுறை கைவைத்துப் பாருங்கள். மேலே குளிர்ந்தாற் திறப்பை எடுங்கள். கீழே குளிர்ந்தாலோ, காற்று அடிக்கடி திரும்பி வந்தாலோ, பேனாவை எடுத்து வீட்டுக்காரருக்கு எழுதுங்கள்.